சீனம் கண்ட சர்தார் பணிக்கர்

கம்பம் பள்ளத்தாக்கில் பணிக்கர் என்னும் பெயர் இனிய பெயரன்று. 1956ஆம் ஆண்டில் மாநில எல்லைகள் திருத்தி வரையப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தமைக்கு அவரே காரணம் என்று இங்குள்ள தலைமுறைகள் நம்பி வந்துள்ளன. கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் முல்லைப் பெரியாற்று நீரைப் பற்றிய பேச்சு எழும்போது அப்பெயரும் கூடவே எழும். அதே மனிதர் 1950ஆம் ஆண்டின் அக்டோபர் நள்ளிரவு ஒன்றில், வல்லரசு ஒன்று செவிகொடுத்திருந்தால் பல்லாயிரம் உயிர்களைக் காத்திருக்கக்கூடிய செய்தியொன்றைப் பீக்கிங் நகரிலிருந்து அனுப்பினார் என்பது அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. புதிய சீனத்தை மேற்கு நாடுகள் எவ்வாறு பிழைபடப் புரிந்துகொண்டன என்பதைக் காட்டும் ஏடு அவருடைய வாழ்க்கை. சீனத்தைப் புரிந்துகொண்டவர் எனப் பெயர்பெற்ற அவரே எங்கே தவறினார் என்பதும் அதே ஏட்டில்தான் இருக்கிறது.

காவாலம் மாதவப் பணிக்கர் 1895ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், திருவிதாங்கூர் அரசின் குட்டநாட்டுப் பகுதியில், காவாலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய, கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த நெல்வயல்கள் நிறைந்த ஊர் அது. நாடகப் பேராசான் காவாலம் நாராயணப் பணிக்கரைப் பின்னாளில் தந்ததும் அவ்வூரே. சர்தார் பிறந்த அதே ஆண்டின் அக்டோபரில்தான் மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கின் அணை திறக்கப்பட்டது. நீரோடு பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளைக்கும் நீருக்காகத் தவமிருந்த இந்தப் பள்ளத்தாக்குக்கும் அறுபது ஆண்டுகள் கழித்து ஒரு வழக்கு ஏற்படும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற பின்னர், முதல் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் அவர் ஆக்ஸ்போர்டு சென்றார். வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார், சட்டமும் பயின்றார். தாயகம் திரும்பி அலிகாரில் பேராசிரியராக இருந்தார். அந்த நாற்காலி அவரை நெடுநாள் கட்டிப்போடவில்லை. சென்னையில் பிரகாசம் நடத்திய 'சுவராஜ்யா' நாளிதழுக்கு வந்தார். அகாலிகளின் போராட்டக் காலத்தில் காந்தியடிகளின் சார்பில் அமிர்தசரஸ் சென்றார். 1924இல் தில்லியில் 'இந்துஸ்தான் டைம்ஸ்' தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியரானார். பிறகு எதிர்பாராத திருப்பமாகச் சுதேச மன்னர்களின் பணிக்குச் சென்றார். காஷ்மீர், பாட்டியாலா, பிக்கானீர் எனச் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பணியாற்றி, இறுதியில் பிக்கானீரின் திவானாக உயர்ந்தார். காந்தியாரின் தூதராக இருந்தவர் அரசர்களின் அமைச்சரானது பலருக்கு முரணாகத் தோன்றியது. ஆயினும் 1947இல் மன்னர்கள் பலர் தயங்கி நின்றபோது, பிக்கானீர் அரசர் அரசியல் நிர்ணய சபைக்கு முன்வரிசையில் நின்று ஆளனுப்பியதில் இந்தத் திவானின் பங்கு பெரிது.

இவ்வளவு அலுவல்களுக்கு இடையே அவர் எழுதிக் குவித்ததுதான் வியப்பு. பழசிராசாவின் போரைப் பொருளாகக் கொண்ட 'கேரள சிம்மம்', போர்த்துக்கீசியப் படைவீரனை நாயகனாக்கிய 'பறங்கிப்படையாளி' ஆகிய மலையாள நாவல்கள் இன்றும் அம்மொழியில் பேசப்படுகின்றன. கவிதையும் நாடகமும் எழுதினார், மொழிபெயர்ப்பும் செய்தார். 1956இல் கேரள சாகித்திய அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. அரசாங்கக் கோப்புகளில் ஆங்கிலம் எழுதிய கை, இரவில் தாய்மொழியில் செய்யுள் எழுதியது. அரசியலுக்குப் போன கவிஞர்கள் கவிதையை மறப்பதும், கவிதைக்கு வந்த அரசியலார் அதை அலங்காரமாக அணிவதும் எங்கும் காணக்கூடியவை. பணிக்கர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்.

அவருடைய வரலாற்று நூல்கள் அனைத்துக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே. 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது முதல் ஆசியாவின் வரலாறு கடலை ஆண்டவர்களின் கையில் சிக்கியது. அந்தக் காலம் 1945ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது என்பது அவருடைய கணக்கு. மலபாரில் போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரரையும் பற்றி 1929இலும் 1931இலும் எழுதிய நூல்களில் இது வித்தாக இருந்தது. 1945இல் வெளிவந்த இந்தியப் பெருங்கடல் பற்றிய நூலில் கிளைத்தது. 1953இல் வெளிவந்த 'ஆசியாவும் மேற்கத்திய ஆதிக்கமும்' என்ற பெருநூலில் முழு மரமாயிற்று. கிறித்தவச் சமயப் பரப்புநர்களைப் பற்றி அந்நூல் சொன்னவை பெரும் வாதத்தைக் கிளப்பின. அவற்றில் கடுமை மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அபினி விற்கும் உரிமைக்காக ஒரு நாட்டின் மீது போர் தொடுத்து, 1842இல் நான்கிங் உடன்படிக்கையைத் திணித்து, துறைமுகங்களைத் திறக்கச் செய்து, ஆங்காங்கைப் பறித்த வரலாற்றைச் சீனர் எந்த மனத்தோடு நினைவுகொள்வர் என்பதை உணர்வதற்கு அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. காவாலத்துப் பிள்ளைக்குக் கொச்சிக் கோட்டையின் கதை தெரியும்.

1948ஆம் ஆண்டு அவர் இந்தியத் தூதராக நான்கிங் நகருக்குச் சென்றபோது, அங்கே சியாங் கை ஷேக்கின் ஆட்சி கரைந்துகொண்டிருந்தது. பணம் மதிப்பிழந்து, படைகள் சிதறி, அமைச்சர்கள் ஊரைவிட்டு ஓட வழிபார்த்துக்கொண்டிருந்த காலம். 1949 ஏப்ரலில் கம்யூனிஸ்டுப் படை யாங்சி ஆற்றைக் கடந்து தலைநகருக்குள் நுழைந்தது. அக்டோபர் முதல் நாள் பீக்கிங்கில் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் இந்தியா அதனை ஏற்றது; சில நாட்களில் பிரிட்டனும் ஏற்றது; அமெரிக்கா ஏற்கவில்லை. தைவான் தீவுக்கு ஒதுங்கிய சியாங்கின் அரசே முழுச் சீனத்தின் அரசு என்னும் பாவனையை அது 1978 முடியும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், விடாமல் காத்துவந்தது.

அந்தப் பாவனைக்குப் பின்னே சில நம்பிக்கைகள் இருந்தன. சீனக் கம்யூனிசம் மாஸ்கோவில் செய்து பீக்கிங்கில் நிறுத்தப்பட்ட பொம்மை என்பது ஒன்று. சீனர் எந்நாளும் ஒரு நடுவரசின் கீழ் நிலைத்து நிற்கமாட்டார். ஆகவே இவ்வாட்சியும் விரைவில் சரியும் என்பது மற்றொன்று. நூறாண்டுகளாகத் தோற்றே வந்த சீனப் படை, நவீனப் படைக்கு எதிரே நிற்காது என்பது இன்னொன்று. சீனத்தில் பல்லாண்டு வாழ்ந்து, மொழியறிந்து, கள நிலையை உள்ளபடி எழுதிய அமெரிக்க அலுவலர்களும் இருந்தனர். சீனத்தை இழந்தது யார் என்ற கூச்சல் வாஷிங்டனில் எழுந்தபோது அவர்களில் பலர் பதவியிழந்தனர். சீனம் தம்முடையதாக இருந்து இழக்கப்பட்ட பொருள் போன்ற அந்தக் கேள்வியிலேயே பிழையின் வேர் இருந்தது.

பணிக்கர் 1950ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் மா சே துங்கிடம் தம் நியமனப் பத்திரத்தை அளித்தார். அவர் கண்ட சீனம் வேறு. மஞ்சு அரசமரபு தளர்ந்த நாள் முதல் அந்நாட்டில் இல்லாதிருந்த ஒன்று, அதாவது தலைநகரின் ஆணை கடைக்கோடிச் சிற்றூர்வரை செல்லும் நிலை, மீண்டும் ஏற்பட்டிருப்பதை அவர் முதலில் குறித்துக்கொண்டார். கட்சி என்பது அங்கே தேர்தலுக்குக் கூடிக் கலையும் கூட்டமன்று. ஊர்தோறும் உழவர் சங்கம், மகளிர் சங்கம், இளைஞர் அணி எனக் கிளைவிட்டு, வரி, நிலம், படை, பள்ளி அனைத்தையும் தொட்டு நிற்கும் அமைப்பு. அதன் கொள்கை மார்க்சியம். அதன் உணர்ச்சியோ நாட்டுப்பற்று. சோவியத் நாட்டோடு 1950 பிப்ரவரியில் செய்துகொண்ட உடன்படிக்கை தேவையால் விளைந்த நட்பு என்றும், இந்தப் பெருநாடு எவருக்கும் நெடுநாள் இளையவனாக இராது என்றும் அவர் கணித்தார். பத்தாண்டுகளில் மாஸ்கோவும் பீக்கிங்கும் வெளிப்படையாகவே முரண்பட்டன. மேற்கு நாடுகளின் அரசியல் அறிஞர் பலர் அம்முரணைக் கண்முன் கண்ட பின்னரும் சூழ்ச்சி என்றே சில காலம் ஐயுற்றனர்.

அவர் காணத் தவறியதையும் சொல்லியாக வேண்டும். புதிய அரசில் கம்யூனிஸ்டு அல்லாத சிறு கட்சிகளுக்கும் இடமிருந்தது. சன் யாட் சென்னின் மனைவி சுங் சிங் லிங் துணைத் தலைவர்களுள் ஒருவராக இருந்தார். அந்தக் கூட்டணித் தோற்றத்துக்குப் பணிக்கர் அளவுக்கு மீறிய மதிப்பளித்தார். 1950-51ஆம் ஆண்டுகளில் எதிர்ப்புரட்சியாளர் ஒழிப்பு என்ற பெயரிலும் நிலச்சீர்திருத்தத்தின் பேரிலும் பல இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அரசின் ஆணை கடைக்கோடிச் சிற்றூர்வரை செல்கிறது என்று அவர் மெச்சினாரல்லவா, அந்த ஆணையின் கூர்முனை எவர் கழுத்தில் பட்டது என்பதற்கு அவருடைய நூலில் உரிய இடம் கிடைக்கவில்லை.

1950 ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் வெடித்தது. வட கொரியப் படை 38ஆவது அட்சரேகையைத் தாண்டித் தெற்கே பாய்ந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் பெயரால் அமெரிக்கப் படை வந்திறங்கியது. செப்டம்பர் 15ஆம் நாள் இஞ்சோனில் தளபதி மெக்ஆர்தர் நடத்திய கடல்வழித் தாக்குதல் போரின் திசையை மாற்றியது. வட கொரியர் சிதறி ஓடினர். வந்தவர்கள் பழைய எல்லையோடு நிற்பார்களா, சீன எல்லையான யாலு ஆறுவரை செல்வார்களா என்பதே அப்போது உலகின் முன் நின்ற கேள்வி. சீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் தூதரக உறவு இல்லை. ஐக்கிய நாடுகள் சபையில் சீனத்தின் நாற்காலியில் தைவான் அமர்ந்திருந்தது. பீக்கிங் பேச விரும்பினால் பிறர் வாயால்தான் பேச வேண்டும். அந்த வாய் பணிக்கராக அமைந்தது. செப்டம்பர் இறுதியிலேயே தளபதி நியே ரோங்சென் விருந்தொன்றின் இடையே, அமெரிக்கர் எல்லைவரை வந்தால் சீனம் கைகட்டி இராது என்று அமைதியான குரலில் அவரிடம் சொல்லியிருந்தார். எத்தனை அழிவு நேரினும் பொறுப்போம் என்ற பாங்கில் சொல்லப்பட்ட அச்சொல், அதுவரை போர் வராது என்றே எண்ணியிருந்த பணிக்கரின் உறுதியை அசைத்தது.

அக்டோபர் 2ஆம் நாள் இரவு அவர் உறங்கச் சென்ற பின்னர், வெளியுறவு அமைச்சகத்து அலுவலர் வந்து எழுப்பினார். நள்ளிரவு கடந்து அரைமணியில் பிரதமர் சூ என்லாயின் இல்லத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. வழக்கமான தேநீர் உபசாரத்துக்குப் பின்னர் சூ என்லாய் சொன்னது சுருக்கமானது: அமெரிக்கப் படை 38ஆவது ரேகையைக் கடந்தால் சீனம் போரில் இறங்கும், தென் கொரியர் மட்டும் கடந்தால் அது வேறு. சொல்லில் மழுப்பலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பணிக்கர் உடனே வீடு திரும்பித் தில்லிக்குத் தந்தி அனுப்பினார். தில்லியிலிருந்து இலண்டனுக்கும் இலண்டனிலிருந்து வாஷிங்டனுக்கும் அச்செய்தி சில மணி நேரத்தில் சென்றது. எச்சரிக்கை காலத்தில் சேரவில்லை என்று பின்னர் எவரும் சாக்குச் சொல்ல முடியாது. அது உரிய காலத்தில், உரிய மேசையில், எழுத்து மாறாமல் இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் செய்தியைப் படிக்கவில்லை. கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்தனர். பணிக்கர் சீனக் கம்யூனிஸ்டுகளின் ஆட்டத்தை ஆடுபவர், நடுநிலைச் சாட்சியாக அவரைக் கொள்ள இயலாது என்பது குடியரசுத் தலைவர் ட்ரூமனின் கருத்து. வெளியுறவுச் செயலர் அச்சிசன் இது வெற்று மிரட்டல் என்றே கொண்டார். அவருடைய அமைச்சகத்திலேயே, இதை முற்றிலும் புறந்தள்ளக்கூடாது என்று குறிப்பெழுதிய அலுவலர் இருந்தார், அக்குறிப்பு எடுபடவில்லை. பணிக்கரின் பெயருக்கு முன்னே பீதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எதுகை போல் ஒட்டிக் கேலி செய்வதும் அந்த வட்டாரங்களில் வழக்கமாயிற்று. ஓசை நயத்துக்காக உண்மையைப் பலிகொடுப்பது கவிஞர்களின் குற்றம் மட்டுமன்று போலும்.

அக்டோபர் 7ஆம் நாள் அமெரிக்கப் படை ரேகையைக் கடக்கத் தொடங்கியது. 15ஆம் நாள் வேக் தீவில் ட்ரூமனைச் சந்தித்த மெக்ஆர்தர், சீனர் தலையிட வாய்ப்பு மிகக் குறைவு என்று உறுதியளித்தார். 19ஆம் நாள் சீனப் படை இருளில் யாலு ஆற்றைக் கடந்தது. பகலில் மறைந்தும் இரவில் நடந்தும், மலைகளுக்குள் இலட்சக்கணக்கில் அது நிலைகொண்டதை வானூர்திகளால் கண்டறிய முடியவில்லை. நவம்பர் இறுதியில் அது முழு வலிமையோடு பாய்ந்தபோது, கிறிஸ்துமசுக்குள் வீடு திரும்பலாம் என்றிருந்த படை, கடுங்குளிரில் பின்வாங்கியது. 1951 ஜனவரியில் சியோல் நகரம் மீண்டும் வீழ்ந்தது. 1953 ஜூலை 27ஆம் நாள் போர் நின்றபோது எல்லை ஏறத்தாழப் பழைய ரேகையிலேயே இருந்தது. மூன்றாண்டுப் போரில் அமெரிக்கர் சுமார் 36,000 பேரும், சீன அரசின் கணக்குப்படியே சீனர் 1,90,000க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். கொரியர் பலியானது பல இலட்சம். இவர்களில் பெரும்பகுதியினர் அந்த நள்ளிரவுத் தந்திக்குப் பின்னர் இறந்தவர்கள்.

பின்னாளில் வெளிவந்த சீன, ரஷ்ய ஆவணங்கள் இந்நிகழ்ச்சியை மேலும் நுட்பமாக விளக்குகின்றன. சூ என்லாய் பணிக்கரிடம் பேசிய அந்நாட்களில் சீனத் தலைமைக்குள்ளேயே வாதம் நடந்துகொண்டிருந்தது. போரால் களைத்த நாடு இன்னொரு போரைத் தாங்குமா என்று மூத்த தலைவர்கள் பலர் தயங்கினர். ஸ்டாலின் வான்படை உதவிக்கு முதலில் இசைந்து பிறகு பின்வாங்கினார். அக்டோபர் 13ஆம் நாளுக்குப் பின்னரே முடிவு உறுதிப்பட்டது. ஆகவே அன்று சொல்லப்பட்டது வெற்று மிரட்டலும் அன்று, மாற்றவே முடியாத முடிவும் அன்று. நிபந்தனையோடு கூடிய, கேட்பவரின் செயலைப் பொறுத்து அமையக்கூடிய எச்சரிக்கை. மாஸ்கோவின் பொம்மை என்று கருதப்பட்ட ஓர் அரசு தன் அவையில் விவாதித்துத் தானே முடிவெடுத்தது என்பதை வாஷிங்டன் கற்பனை செய்யவும் இல்லை.

கொரியாவில் சரியாகக் கண்ட அதே கண் திபெத்தில் ஏமாந்தது. அமெரிக்கர் ரேகையைக் கடந்த அதே அக்டோபர் வாரத்தில் சீனப் படை கிழக்குத் திபெத்தின் சாம்டோ நோக்கி நகர்ந்தது. பீக்கிங்கில் இருந்த இந்தியத் தூதருக்கு அது முன்கூட்டித் தெரியவில்லை; தெரிந்த பின்னரும் அவர் அழுத்தமாக எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று நேருவே குறைப்பட்டார். திபெத்தின் மீது சீனத்துக்குள்ள பெயரளவு மேலுரிமையைக் குறிக்க வேண்டிய இடத்தில், முழு இறையாண்மையைக் குறிக்கும் சொல் இந்தியக் குறிப்பொன்றில் இடம்பெற்றுவிட்டது என்றும், அது பணிக்கரின் கைவழி நேர்ந்தது என்றும் கூறுவர். சொல்லை ஆள்வோருக்கு அதன் விலை புரியும். நவம்பர் 7ஆம் நாள் வல்லபாய் பட்டேல் நேருவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், நம் தூதர் சீனத்தின் நியாயத்தை விளக்குவதில் காட்டும் சிரமத்தைச் சுட்டி, வடக்கெல்லையைப் பற்றி எச்சரித்தார். அடுத்த மாதமே பட்டேல் மறைந்தார்.

1952இல் திபெத் பற்றிப் பேச்சு நடந்தபோது சூ என்லாய் எல்லையைப் பற்றி வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்தை இசைவு என்று கொள்ளலாம், நாமாக அப்பொருளைக் கிளற வேண்டா என்பது பணிக்கரின் கருத்து. வெளியுறவுத் துறையில் நெடுநாள் பழுத்த கிரிஜா சங்கர் பாஜ்பாய் இதை ஏற்கவில்லை. எனினும் 1954 ஏப்ரலில் கையெழுத்தான உடன்படிக்கையில் எல்லை என்ற பொருள் இடம்பெறவில்லை. மேற்கத்திய ஆதிக்கத்தால் தாழ்த்தப்பட்ட ஒரு நாகரிகம் எழுகிறது என்று கண்ட வரலாற்றாசிரியர், அப்படி எழும் நாடு தான் இழந்ததாகக் கருதும் நிலத்தையும் எண்ணிப் பார்க்கும் என்பதைத் தம் கணக்கில் சேர்க்கவில்லை. மேற்கத்தியர் சீனத்தின் கொள்கையை மட்டும் பார்த்து அதன் தேசியத்தைக் காணாதிருந்தனர். பணிக்கர் தேசியத்தைக் கண்டார். அது ஆசியர் அனைவருக்கும் பொதுவான சுற்றம் என்று எண்ணிவிட்டார். கடலிலிருந்து வந்த பகையை ஆயுளெல்லாம் ஆராய்ந்தவருக்கு மலைமேலிருந்து வரக்கூடியது தெரியவில்லை.

மேற்கு நாடுகளின் பிழையும் அவரோடு முடியவில்லை. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் பீக்கிங்குக்கு இடம் கிடைத்தது. 1979இல் அமெரிக்கா தூதரக உறவு கொண்டது. 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சீனம் சேர்ந்தது. வணிகம் பெருகினால் கட்சியாட்சி தளர்ந்து, தம்மைப்போன்ற தேர்தல் முறை அங்கே தானே மலரும் என்று இம்முறை எதிர்பார்த்தனர். கட்சி தளரவில்லை, செல்வத்தையும் தன் கிளைகளுக்குள்ளேயே வளைத்துக்கொண்டது. 1950இல் விரைவில் சரியும் என்றவர்களும் 2001இல் விரைவில் மாறும் என்றவர்களும் பணிக்கர் முதலில் குறித்துக்கொண்ட அந்தக் கடைக்கோடிச் சிற்றூரைப் பார்க்கவே இல்லை.

சீனத்திலிருந்து எகிப்துக்குச் சென்று திரும்பிய பணிக்கர், 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில் உறுப்பினரானார். தலைவர் பசல் அலி. மற்றோர் உறுப்பினர் குன்ஸ்ரு. 1955 செப்டம்பர் 30ஆம் நாள் அறிக்கை தரப்பட்டது. உத்தரப் பிரதேசம் இந்தியக் கூட்டாட்சியின் சமநிலைக்கு ஒவ்வாத அளவு பெரிது, அதைப் பிரிக்க வேண்டும் என்று பணிக்கர் தனிக் குறிப்பு எழுதினார். அது தொலைநோக்குடைய குறிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு அவரை நினைப்பது அக்குறிப்புக்காக அன்று.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் 1954இல் உச்சத்தை அடைந்தது. ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஆணையம் தெற்கே நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் தமிழகத்துக்கு அளித்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் அளிக்கவில்லை. அங்குள்ள தமிழர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள். தேயிலை, ஏலம், நீர்மின்சாரம் ஆகியவற்றால் அம்மலை திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்பன போன்ற காரணங்கள் காட்டப்பட்டன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மெட்டுப் பாதையேறி ஏலத்தோட்டம் சென்று பொழுதுசாய இறங்குகிறவர்களுக்கு அம்மலை எந்நாளும் அயலூர் அன்று. பூஞ்சாற்று அரசர் மதுரைப் பாண்டியர் வழியினர் எனச் சொல்லிக்கொண்டவர். 1877இல் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு விட்டவர் அவரே. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கேரளத்தின் கம்யூனிஸ்டு அரசுக்கு வாக்குச் சேர்க்கப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் தமிழ்ப் பாட்டு தேவைப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. வந்து போகிறவர்களின் மொழியில்தான் அங்கே வாக்குக் கேட்க வேண்டியிருந்தது.

பீகாரின் எல்லை பற்றிய முடிவுகளில், தமக்கு அம்மாநிலத்தோடுள்ள நெடுநாள் தொடர்பு கருதித் தாம் பங்குகொள்ளவில்லை என்று பசல் அலி பதிவு செய்தார். கேரள எல்லை குறித்துப் பணிக்கர் அவ்வாறு ஒதுங்கவில்லை. பள்ளத்தாக்கின் மனக்குறைக்கு இது ஒன்றே போதும். ஆயினும் குற்றம் முழுவதையும் அவர் தலையில் ஏற்றுவது நீதியாகாது. மூவரும் ஒப்பமிட்ட அறிக்கை அது. நாடாளுமன்றம் ஏற்ற முடிவு அது. அன்றைய சென்னை அரசும் அதை எதிர்த்து இறுதிவரை நிற்கவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் எல்லை நடைமுறைக்கு வந்தது. 1886இல் 999 ஆண்டுக் குத்தகையாக எழுதப்பட்ட 8,000 ஏக்கரும் அதன்மேல் நின்ற அணையும் கேரளத்துப் பீர்மேட்டுக்குள் அமைந்தன. அந்நீரை நம்பிய 14,707 ஏக்கர் இருபோக வயல்கள் தமிழகத்தில் அமைந்தன. 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதிசெய்ததும், இடையே நடந்த மறியல்களும் இங்கே எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாதவை. சீனத்தில் ஓர் அரசின் வலிமையை அளந்தறிந்த அறிவு, இங்கே ஒரு மாநிலத்தின் வருவாயையும் மின்சாரத்தையும் அளந்தது. அளவையில் பிழையில்லை. இரண்டு இடங்களிலும் அந்த அளவைக்குள் அடங்காத மக்கள் விளிம்பில் இருந்தனர்.

பின்னர் அவர் 1956 முதல் 1959 வரை பிரான்சில் தூதராக இருந்தார்; மாநிலங்களவையில் நியமன உறுப்பினரானார்; காஷ்மீர்ப் பல்கலைக்கழகத்திலும் அதன்பின் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர் பொறுப்பேற்றார். 1955இல் வெளியிட்ட 'இரண்டு சீனங்களில்' என்னும் நினைவு நூலில் அந்த அக்டோபர் இரவை ஆரவாரமின்றி எழுதியிருந்தார். 1962 அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படை இமயத்தின் இரு முனைகளிலும் இறங்கியபோது அவருக்கு வயது அறுபத்தேழு. பத்தாண்டுக்கு முன்னர் மௌனத்தை இசைவென்று கொண்டமை குறித்துக் கடுமையான கேள்விகள் எழுந்தன. ஒருகாலத்தில் கம்யூனிஸ்டுகளின் ஆள் என்று வாஷிங்டனில் பெற்ற பெயர் இப்போது தில்லியிலும் கிடைத்தது.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் மைசூரில், துணைவேந்தராக இருந்தபோதே அவர் காலமானார். அப்போதும் பீக்கிங்கில் அமெரிக்கத் தூதர் இல்லை. இரு நாட்டுப் பிரதிநிதிகளும் போலந்தின் தலைநகரான வார்சாவில் அவ்வப்போது சந்தித்து, எழுதிக் கொண்டுவந்ததை ஒருவருக்கொருவர் வாசித்துவிட்டுப் பிரிந்துகொண்டிருந்தனர்.